அருவிக்கு யாரிடம் அனுமதி?

யாத்திரை போவதில் பாதி இன்பம் ஜாபிதா போடுவதில் இருக்கிறது. மீதிப் பாதியைக் கால் வலி கெடுத்துவிடும். ஜாபிதாவுக்கு அந்த ஆபத்துக் கிடையாது.

சென்ற கோடையில் என் தமக்கை மகன் அப்படி ஒரு ஜாபிதாவுடன் வந்து நின்றான். கூடாரம் ஒன்று, டார்ச் விளக்கு இரண்டு, கயிறு, கொசுவலை, அவல், வெல்லம், காலுக்குத் தைலம். தைலம் எனக்காகவாம்.

"நீங்களும் வருகிறீர்கள், மாமா. முதல் நாள் ஒகேனக்கல். மறுநாள் அரூர் போய்ச் சித்தேரி மலை ஏறுகிறோம். அங்கே இரண்டு இரவு கூடாரம்" என்றான்.

தருமபுரிச் சீமையைக் கோடையில் பார்த்தவர்களுக்கு அங்கே அருவி என்றால் சிரிப்புத்தான் வரும். கேழ்வரகும் சாமையும் வானத்தைப் பார்த்து நிற்கும் பூமி அது. ஆனாலும் அதன் மேற்கு ஓரத்தில் காவேரி பாறைகளிடையே விழுகிறாள். திவலை புகைபோல எழுவதைக் கண்டுதான் கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பெயர் வைத்தார்கள். ஆறு பக்கத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரை மாவட்டத்தின் குழாய்களுக்குக் கொண்டுவரும் பெருந்திட்டம் 2013இல்தான் தொடங்கிற்று.

ஜாபிதாவின் கடைசி வரியில் 'அனுமதி: வனத்துறை' என்று எழுதியிருந்தான். அந்த வரி என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று.

அமெரிக்காவில், அரிசோனாவின் வறண்ட பாறை நாட்டில், ஹவாசு என்று ஓர் அருவி இருக்கிறது. அதன் மக்களுக்கு ஹவாசுபாய் என்று பெயர்; நீலப்பச்சை நீரின் மக்கள் என்று அர்த்தம். 1882இல் அந்த நாட்டு அரசாங்கம் அவர்களை 518 ஏக்கருக்குள் அடக்கிவிட்டது. மேட்டு நிலத்தில் வேட்டையாடிக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள், பள்ளத்தாக்கின் அடியில் அகப்பட்டுக்கொண்டார்கள். 1975இல் சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. இன்று அந்த அருவிக்கரையில் கூடாரம் அடிக்க விரும்புகிறவர் எவ்வளவு பெரிய சீமானானாலும், ஹவாசுபாய் மக்களிடந்தான் சீட்டு வாங்க வேண்டும்.

அதே 1882இல்தான் இங்கே சென்னை வனச் சட்டம் பிறந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்குப் போன பாரமகாலில் அடங்கிய சீமை இது. சமவெளியில் நிலத்தை அளந்து பட்டா கொடுத்தவர்கள், காட்டுக்கு எல்லைக் கல் நட்டார்கள். நேற்றுவரை விறகாயிருந்தது மறுநாள் களவாயிற்று. ஆடு மேய்த்தாலும் ஏர் பிடித்தாலும் குற்றம்.

சித்தேரியில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து மலைகளில் குடியேறிய கதையை இன்றும் சொல்வார்கள். அந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாமல் பாழாக்கினார்கள். வறண்ட சீமையில் கிணற்றைக் கெடுப்பது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்து போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023இல் அதே தேதியில், உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனை காலமும் அந்தப் பெண்கள் சொன்ன சொல் மாறவில்லை.

இதற்கிடையில் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்கிறவனுக்குக் காட்டின்மேல் பாத்தியதை உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. யாருக்கு எந்த நிலம் என்ற விசாரணை கிராம சபையில்தான் தொடங்க வேண்டும் என்றும் சொல்லிற்று.

பையன் சிறிது நேரம் பேசவில்லை.

"அப்படியானால் போக வேண்டாமா, மாமா?"

"தாராளமாகப் போகலாம். சட்டம் கேட்கிற சீட்டையும் வாங்கு. ஆனால் அது போதும் என்று நினைக்காதே. பிறத்தியார் வீட்டுக்குப் போகிறவன் வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டாமா?"

அவன் பென்சிலை எடுத்து, கடைசி வரிக்கு மேலே, 'மலையூர்ப் பெரியவர்கள்: முதலில்' என்று எழுதினான். பிறகு கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

தைலத்தை மட்டும் அடிக்கவில்லை.