பிரேக் பேட் வீட்டிலேயே மாற்றுகிறீர்களா? காரை நகர்த்தும் முன் இதைப் படியுங்கள்

புதிய பிரேக் பேட் மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, காரில் ஏறி முதல்முறையாகப் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை இறங்கிவிடும். கார் நிற்காது. இது பழுது இல்லை. பேட்டுக்கு இடம் விடுவதற்காக நாம் உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். இதை அறியாமல் இஞ்சினை முடுக்கி ரிவர்ஸ் எடுத்தால், வாசல் கேட்டோ எதிர்வீட்டுக் காரோதான் வண்டியை நிறுத்தும். பின்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பேட் மாற்றுவது கடினமான வேலை அன்று. ஓரளவு ஸ்பானர் பிடித்துப் பழகியவர் அரை நாளில் இரண்டு முன்சக்கரங்களையும் முடித்துவிடலாம். ஆனால் பட்டறைக் கூலியும் பெரிய தொகை இல்லை. ஆகவே காசு மிச்சம் என்று நினைத்து இறங்க வேண்டாம். நம் வண்டியின் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் இதில் உள்ள லாபம்.

இங்கே சொல்வது முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பற்றி. நம் சாலைகளில் ஓடும் மைவி, சாகா போன்ற கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கும். பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் கைபிரேக்கும் அதே கேலிப்பரில் இணைந்திருக்கலாம். அதன் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சாரக் கைபிரேக் என்றால் கணினிக் கருவியும் தேவைப்படலாம். அவற்றைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

புதிய பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் மாற்றிவிடலாம். பல பேட்களில் ஒரு சிறிய இரும்புத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். கீச்சொலி போய்க் கரகரவென்று அரைக்கும் ஓசை வந்தால் இரும்பும் இரும்பும் தேய்கின்றன என்று பொருள். அதன் பிறகு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

பேட் தேயத் தேய பிரேக் ஆயிலின் அளவும் சற்றுக் குறையும். இதைப் பார்த்துவிட்டுப் பலர் ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பிறகு புதிய பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது அந்த ஆயில் பொங்கி வழிந்து சாயத்தை அரித்துவிடும். வழிந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காரைத் தூக்குவதில்தான் உயிர்

தாமான் வீடுகளின் போர்ச் பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும், மழைநீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். ஒரு பந்தை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். சரிவில் ஜேக் போடக் கூடாது. ஆட்டோ கார்தானே, ‘பி’யில் போட்டால் நகராது என்றும் நம்ப வேண்டாம். இந்தக் கார்களில் ‘பி’ பிடித்து வைப்பது முன்சக்கரங்களை. அதில் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியதும் அந்தப் பிடி போய்விடும். கைபிரேக்கை இறுக்கி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ செங்கல்லோ வையுங்கள்.

காருடன் வந்த ஜேக் வழியில் டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் கையையோ காலையோ நீட்டக் கூடாது. உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி ஜேக் ஸ்டாண்ட் வாங்கி, கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் முட்டுக்கொடுங்கள். கழற்றிய சக்கரத்தையும் காரின் ஓரத்திற்கு அடியில் படுக்க வைத்தால் இன்னொரு காவல். சக்கர நட்டுகளை மட்டும் கார் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

கழற்றும்போது பார்க்க வேண்டியவை

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எது எங்கே இருந்தது என்று குழம்பினால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

கேலிப்பரின் பின்புறம் இரண்டு போல்ட்டுகள் இருக்கும். கீழே உள்ளதைக் கழற்றினால் பல கார்களில் கேலிப்பரை மேலே மடக்கிவிடலாம். இரண்டையும் கழற்ற நேர்ந்தால் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை தொங்கக் கூடாது; ரப்பர் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. கேலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக்கை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

பழைய பேட்களைத் தூக்கிப்போட்டுவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேட்டும் வெளிபேட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நல்லது. உள்பேட் மட்டும் மிக மெலிந்திருந்தால் பிஸ்டனோ கேலிப்பர் நகரும் பின்னோ இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் சில மாதங்களில் அதே கதிதான். பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். வீட்டில் கிடக்கும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பேட்டின் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளி கிரீஸ்கூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள்.

கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய பேட்களில் கல்நார் இருந்திருக்கலாம். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைப்பது மேல்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழ் தேய்ந்திருந்தாலோ, வெடிப்போ ஆழமான கீறலோ தெரிந்தாலோ, பிஸ்டனைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டாம்; இழுவை வண்டியை அழையுங்கள்.

பிஸ்டனைத் தள்ள, பழைய பேட் ஒன்றை அதன் மேல் வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக இறுக்குங்கள். பிரேக் ஆயில் மூடியை முன்பே தளர்த்திவிடுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கே போல்ட்டுகளை முடுக்க வேண்டும். இதற்கு டார்க் ஸ்பானர் இரவல் வாங்கினாலும் பரவாயில்லை.

ஆயில் என்று பெயர், ஆனால்...

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். நம் நாட்டு ஈரப்பதத்தைச் சொல்லவா வேண்டும்! தரவிதிப்படி டோட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140தான். கெந்திங்கிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் அந்தச் சூட்டை எட்டுவது கடினமில்லை. கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் காலுக்கடியில் மெத்தென்று போய்விடும். புது பேட்டால் இதைத் தடுக்க முடியாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். மலையிறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முடுக்கியபின், இஞ்சினை முடுக்காமலே பிரேக்கை மெதுவாகப் பலமுறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகி மேலேயே நிற்க வேண்டும். பிறகு இஞ்சினை முடுக்கி இன்னொரு முறை சோதியுங்கள். எத்தனை முறை மிதித்தும் பெடல் கெட்டியாகவில்லை என்றால் கார் நகரக் கூடாது. ஆயில் அளவையும் பார்த்து மூடியை இறுக்குங்கள்.

போர்ச்சிலேயே ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். பின் வாகனம் குறைந்த சாலையில், அதிகாலையில் என்றால் நல்லது, மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை சீராக வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இடையிடையே சற்று ஓடவிட்டு ஆற விடுங்கள். லேசான கருகல் வாடை வரும். அது தானாகப் போய்விடும். முதல் சில நாள்களுக்கு முன்னால் போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.