புற்றுநோய் நிலப்படங்கள்

புற்றுநோயால் நேரும் இறப்புகளையோ புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளின் எண்ணிக்கையையோ பகுதிவாரியாகக் கணக்கிட்டு, அவ்விகிதங்களை நிறங்களால் காட்டும் வரைபடங்கள். பல ஆண்டுகள் உள்ளுக்குள் வளரும் நோய்க்குக் காரணத்தை எங்கே தேடுவது, தடுப்பை எங்கே முதலில் தொடங்குவது என்று தீர்மானிக்க இவை உதவுகின்றன.

தொடக்கம்

இங்கிலாந்து மருத்துவர் ஆல்ஃபிரட் ஹேவிலண்ட், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெண்களிடையே காணப்பட்ட புற்றுநோய் இறப்பை 1875இல் வண்ணப் படமாக வெளியிட்டார். இறப்பு குறைந்த இடங்களுக்குச் சிவப்பும் மிகுந்த இடங்களுக்கு நீலமும் தீட்டினார். முதியோர் மிகுந்த ஊரில் புற்றுநோய் இறப்பும் மிகும் என்பதால், 1930களில் பெர்சி ஸ்டாக்ஸ் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப விகிதங்களைச் சரிசெய்து வரைந்தார். மெல்வின் ஹௌ 1963இல் பிரிட்டனின் நோய் இறப்பு நிலப்படத் தொகுதியைக் கொண்டுவந்தார். அதன் 1970 பதிப்பில் ஒவ்வொரு பகுதியும் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் வரையப்பட்டது. ஆளில்லா மலைப்பகுதி படத்தை அடைத்துக்கொள்வதும் லண்டன் புள்ளியாகச் சுருங்குவதும் இதனால் நீங்கின.

அமெரிக்கத் தொகுதி

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1950 முதல் 1969 வரையிலான இறப்புகளை 3,056 கவுன்ட்டிகளுக்குக் கணக்கிட்டு 1975இல் வெளியிட்டது. ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருந்தது. காரணம் தேடிப் போனவர்கள் 1978இல் இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பல் கட்டும் தளங்களை வந்தடைந்தனர். அங்கே வேலைபார்த்தவர்களுக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு கூடியிருந்தது. கல்நார்த் தூசு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது.

தென்கிழக்கு மாநிலங்களில் பெண்களின் வாய்ப் புற்றுநோய் திட்டாகத் தெரிந்தது. டெபோரா வின் குழுவினர் வட கரோலினாவில் நடத்திய ஆய்வு 1981இல் வெளிவந்தது. புகையிலைப் பொடியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்வது அப்பெண்களிடையே நெடுநாள் வழக்கம். புகைபிடிக்காத வெள்ளையினப் பெண்களில், பொடி அடக்குவோருக்கு நோய் வாய்ப்பு சுமார் 4 மடங்கு. நீண்டகாலம் அடக்கியவர்களுக்கு ஈறு, உட்கன்னப் புற்றுநோய் வாய்ப்பு 50 மடங்கை நெருங்கியது. 1986இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி, புகையில்லாப் புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களையும் தடைசெய்தது.

வரம்புகள்

நிலப்படம் துப்பு தரும், தீர்ப்பு சொல்லாது. பொடியைக் குற்றவாளியாக்கியது நிறத்திட்டு அன்று, நோயாளிகளையும் நோயற்றவர்களையும் விசாரித்து ஒப்பிட்ட ஆய்வு. மக்கள் குறைந்த பகுதிகளில் ஓரிரு இறப்புகளே விகிதத்தைத் தாறுமாறாக்கும். இதற்குத் தீர்வாக, அண்டைப் பகுதிகளின் தரவையும் சேர்த்து விகிதங்களைச் சீராக்கும் முறையை டேவிட் கிளேட்டனும் ஜான் கால்டரும் 1987இல் ஸ்காட்லாந்தின் உதட்டுப் புற்றுநோய்த் தரவைக் கொண்டு விளக்கினர்.

இந்தியாவில்

தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ் சென்னை, மும்பை, பெங்களூரு நகரங்களின் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடுகள் 1982இல் பணியைத் தொடங்கின. பதிவேடு எட்டாத மாவட்டங்களின் நிலையை அறிய, 2001இல் தொடங்கிய நிலப்படத் திட்டம் மருத்துவமனைத் தரவுகளைத் திரட்டியது. பதிவு சரியாக நடக்காத மாவட்டம் படத்தில் நோய் குறைந்த மாவட்டமாகத் தோன்றிவிடும். நிதியும் சிகிச்சை வசதியும் அங்கே போகாமல் நின்றுவிடும். ஆகவே நிலப்படத்தை நம்பித் திட்டமிடும் அரசுக்கு, ஒவ்வொரு நோயாளியையும் விடாமல் பதிவுசெய்வதே முதற்கடமை.