டிக்

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் சேமித்து வைத்திருக்கும் வரலாற்றை முனையத்தை விட்டு வெளியேறாமலே புரட்டிப் பார்க்க உதவும் செயலி. மென்பொருள் எழுதுவோர் வழக்கு.

பிறப்பு எளிது: ஆங்கிலத்தில் கிட் என்பதைப் பின்னாலிருந்து வாசித்தால் டிக். தமிழிலும் அந்த விளையாட்டு கெடவில்லை. ககரமும் டகரமும் இடம் மாறுகின்றன. புள்ளி மட்டும் கடைசி எழுத்தின் தலையிலேயே நிற்கிறது.

கிட் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. பிரிட்டிஷ் கொச்சையில் அந்தச் சொல் உருப்படாதவனைக் குறிக்கும். தன் படைப்புகளுக்குத் தன் பெயரையே வைப்பதாக அவர் கேலி செய்துகொண்டார்: முதலில் லினக்ஸ், பிறகு கிட். டிக் மறு ஆண்டு வந்தது. எழுதியவர் யோனாஸ் பொன்சேகா.

இந்தத் தலைகீழ்ப் பெயர் வேலைக்கும் பொருந்துகிறது. திரையில் புதிய கமிட், அதாவது பதிந்த மாற்றம், மேலே; பழையது கீழே. எண்டர் தட்டினால் திரை இரண்டாகி, எந்த வரி போயிற்று, எது வந்தது என்று காட்டும். 'கியூ' அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தபின் இத்தகைய சொற்கள் குற்றாலச் சாரலுக்கு அந்நியமல்ல. நெல்லைப் பேச்சில் இப்படி வரும்: "ஏல, டிக்குல பாரு, எவன் மாத்துனான்னு தெரிஞ்சிரும்." அதற்கென்றே 'டிக் பிளேம்' என்ற கட்டளை உண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடைசியாகத் தொட்டவர் பெயர். பிளேம் என்றால் பழி. பெயர் வைத்தவர்கள் நாசூக்கு பார்க்கவில்லை.