துரையின் நரம்பும் கூலியின் மண்டையும்

மலாயாத் தோட்டங்களின் பழைய புகைப்படங்களில் துரை தலையில் இருக்கும் அந்தத் தொப்பி நெட்டியால் ஆனது. குளத்தில் வளரும் செடியின் தண்டு. தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிறார்களே, அதே நெட்டிதான். பக்கத்தில் வரிசையாக நிற்கும் நம் ஆட்களின் தலையில் துண்டு மட்டும். அந்தத் தொப்பியை அதிகாரத்தின் அடையாளம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் அன்றைய மருத்துவத்தின் கணக்கில் அது மூளையைக் காக்கும் கருவி.

சார்லஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1905இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வெப்பமண்டலச் சூரியனின் கதிர்கள் வெள்ளைத் தோலுக்குள் ஊடுருவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். அதை நம்பி பிலிப்பைன்ஸில் இருந்த சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு நிற உள்ளாடை போட்டுப் பார்த்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்தது. 1910இல் முடிவு வந்தது: பலன் ஒன்றும் இல்லை, புழுக்கம்தான் மிச்சம்.

ஆனாலும் நம்பிக்கை சாகவில்லை. முதுகெலும்பு சூடாகாமலிருக்க முதுகில் பட்டை கட்டிக்கொண்டார்கள். மறதி, எரிச்சல், தூக்கமின்மை, வேலையில் மனம் ஒட்டாமை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'வெப்பமண்டல நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு பெயர் இருந்தது. அதற்கு மருந்து குளிர். சில வருடங்களுக்கு ஒருமுறை சீமைக்கு நீண்ட விடுப்பு. இடையில் மலை வாசம். ஃபிரேசர் மலை 1922இல் திறந்தது. பினாங்கு மலைக்கு அடுத்த வருடமே ரயில் ஓடியது.

செமிலிங் சாலையில் நின்று வடக்கே பார்த்தால் குனோங் ஜெராய் நிற்கும். 1,200 மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளைக்காரன் அதற்குக் கெடா பீக் என்று பெயர் வைத்தான். அடிவாரத்துத் தோட்டங்களில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குளிர், தூரத்தில் தெரியும் மேகம். அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அந்தப் போலி மருத்துவம் அல்ல. வெயில் மூளையைக் கெடுக்கும் என்று இவ்வளவு கவலைப்பட்டவர்கள், அந்த வெயிலில் மணிக்கணக்கில் நின்றவனுக்கு ஒரு மூளை இருப்பதாகவே எண்ணவில்லை என்பதுதான். தமிழன் வெப்ப நாட்டில் பிறந்தவன், அவனுக்கு இது பழக்கம் என்பதே காலனியக் கணக்கு. துரைக்கு வந்தால் நரம்புத் தளர்ச்சி. கூலிக்கு வந்தால் சோம்பேறித்தனம்.

பொழுது விடியும் முன்பே பெரட்டு, பிறகு மரம் வெட்டு. அது நமக்காக வைத்த நேரம் இல்லை. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும். காலைக் குளிர் மரத்தின் தயவில் கிடைத்தது. பால் எடுத்து, சுமந்து, ஸ்டோரில் நிறுத்துப் போடுவதற்குள் வெயில் ஏறிவிடும். களையெடுப்பு, காடு வெட்டு என்று போனவர்களுக்கு அந்த நிழலும் இல்லை.

தொப்பி மருத்துவத்தில் உண்மை கொஞ்சம் இருந்தது, காரணம்தான் தப்பு. மூளையைக் கெடுப்பது மண்டையைத் துளைக்கும் கதிர் அல்ல, உடலில் தேங்கும் வெப்பம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, சூடு வெளியேறாது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மனிதன் குழறுவான், இடம் தெரியாமல் நிற்பான், வலிப்பு வரும், விழுவான். வெப்பத் தாக்கால் இறந்த 125 அமெரிக்கச் சிப்பாய்களின் உடல்களை ஆராய்ந்து 1946இல் ஓர் அறிக்கை வந்தது. சிறுமூளையில் உடல் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பர்க்கின்ஜி செல்கள் வெப்பத்தில் மோசமாக அழிவது அதில் பதிவானது. பிழைத்தவர்களில் சிலருக்கு நடை தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் நிலைத்துவிடும்.

தள்ளாடும் நடை, குழறும் பேச்சு. இதை வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? கள்ளுக்கடை வாசலில். தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் அது. 1946–47இல் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகக் கிளம்பியது. 1947இல் பீடோங் கள்ளுக்கடை மறியல் போலீஸ் மோதலில் முடிந்தது. பீடோங் செமிலிங்குக்குப் பக்கத்து ஊர். கள் குடும்பங்களைத் தின்றது உண்மை. ஆனால் "குடிச்சிட்டு விழுந்து கெடக்கான்" என்று தள்ளிவிடப்பட்டவர்களில் எத்தனை பேர் வெயில் அடித்து விழுந்தவர்கள் என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. அதைப் பிரித்துப் பார்க்கும் அக்கறை யாருக்கு இருந்தது?

நம் பேச்சில் இந்த அறிவு எப்போதோ ஏறிவிட்டது. "வெயிலு மண்டையைப் பொளக்குது", "மண்டை காயுது" என்கிறோம். மண்டை காய்வது குழப்பத்துக்கும் சொல், வெயிலுக்கும் சொல்.

2024இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சஞ்சய் சிசோதியா குழு, 1968 முதல் 2023 வரை வந்த 332 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்தது. பக்கவாதம், வலிப்பு, மறதி நோய் உட்பட 19 நரம்பு நோய்களைப் பருவநிலை மாற்றத்தோடு வைத்துப் பார்த்தார்கள். வெப்பம் ஏறும் நாட்களில் பக்கவாதத்தால் மருத்துவமனைக்கு வருவோரும் இறப்போரும் கூடுகிறார்கள். மறதி நோய் உள்ளவருக்குத் தாகம் எடுப்பது தெரியாது, சட்டையைத் தளர்த்தவும் தோன்றாது. பகலைவிட இரவின் சூடு கவனிக்க வேண்டியது என்கிறார்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும். நெட்டித் தொப்பிக்காரர்களின் பட்டியலில் இருந்த தூக்கமின்மையும் எரிச்சலும் மறதியும் இங்கே மறுபடி வருகின்றன. இம்முறை நோயாளியின் தோல் நிறத்தை யாரும் கேட்கவில்லை.

மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரலில், நமக்கு வடக்கே சுப்பிங்கில். 2016 ஏப்ரலில் வெப்ப அலையால் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளை மூடினார்கள். நல்ல முடிவு. தோட்டங்களுக்கு அப்படி விடுமுறை விட்டதாக நான் கேள்விப்படவில்லை. வானிலைத் துறையின் எச்சரிக்கை பகல் வெப்பத்தை மட்டும் வைத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போகிறது. ஈரப்பதம் அந்தக் கணக்கில் இல்லை, இரவும் இல்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த இடங்களில் விடியற்காலை வேலை என்ற கட்டாயமும் போயிற்று. குலை எந்த நேரத்தில் வெட்டினாலும் குலைதான். வெட்டுகிறவர்கள் இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்தை விட்டு வந்த நம் பெரியவர்கள் பலர் சுங்கை பட்டாணியில் காவலாளி வேலை பார்க்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள். அந்த மாத்திரைகளில் சில உடலின் நீரை வெளியேற்றுபவை. வெயிலில் நிற்கும் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள்.