பாரத சாரண சாரணியர் இயக்கம்

பாரத சாரண சாரணியர் இயக்கம் என்பது சிறுவர் சிறுமியரிடையே நல்லொழுக்கத்தையும் குடிமைப் பண்பையும் வளர்க்கும் இந்திய இளையோர் அமைப்பு ஆகும். இதன் தலைமையகம் புது தில்லியில் உள்ளது.

வரலாறு

1907 இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமே சாரணியத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1909 இல் இந்தியாவில் சாரணியம் அறிமுகமானபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களே சேர்க்கப்பட்டனர். ஏனைய இந்தியச் சிறுவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. எனவே அவர்களுக்கெனத் தனிச் சங்கங்கள் தோன்றின. அன்னி பெசண்ட் 1916 இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். மதன் மோகன் மாளவியா முதலியோர் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921 இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசண்டின் சங்கம் தாய் அமைப்புடன் இணைந்தது. எனினும் முழு ஒற்றுமை விடுதலைக்குப் பின்னரே கைகூடியது. 1950 நவம்பர் 7 அன்று சாரணர் சங்கங்கள் ஒன்றிணைந்து இவ்வியக்கம் உருவானது. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் இதில் சேர்ந்தது.

பயிற்சி முறை

சாரணர்கள் சிறு அணிகளாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வோர் அணியையும் அதன் உறுப்பினர் ஒருவரே வழிநடத்துவார். முதலுதவி, முடிச்சிடுதல், வரைபடம் வாசித்தல், முகாம் வாழ்க்கை ஆகியன கற்பிக்கப்படுகின்றன. பொறுப்பேற்றுச் செய்து பழகுவதன் வழியே பண்பு வளரும் என்பதே இம்முறையின் அடிப்படையாகும்.