நகையும் அச்சமும்: ‘ரோஸ்மேரிஸ் பேபி’ பெற்ற விமரிசன வரவேற்பு

ராபர்ட் கென்னடி மறைந்து ஒரு வாரங்கூட நிறையாத 1968 ஜூன் 12-ஆம் தேதியன்று நியூயார்க்கில் வெளியான ‘ரோஸ்மேரிஸ் பேபி’ என்னும் திரைப்படம், சைத்தானை உபாசிக்கும் கூட்டத்தாரின் சூழ்ச்சியில் அகப்பட்ட ஒரு கர்ப்பவதியின் கதை என்ற அளவிலேயே அன்று பெரும்பாலோரால் அறியப்பட்டது. அதனுள் ஊடுபாவாக ஓடும் ஹாஸ்யத்தைக் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். ஆயினும் அன்றைய விவாதங்களில் அது முன்னணிக்கு வரவில்லை. ஹாஸ்யமும் பயானகமும் விரோத ரஸங்கள் என்று பிற்கால அலங்கார சாஸ்திரிகள் வகுத்துவைத்தார்கள். அவர்களுடைய நூல்களைக் கனவிலும் கண்டிராத அமெரிக்க விமரிசகர்களும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்போல் நடந்துகொண்டது வியப்புத்தான்.

ஐரா லெவின் 1967-இல் வெளியிட்ட நாவலின் படவுரிமையை வாங்கியவர், மலிவான திகிற்படங்களுக்குப் பேர்போன வில்லியம் காஸில். பாரமௌண்ட் நிறுவனத்து ராபர்ட் எவன்ஸோ, காஸிலைத் தயாரிப்பாளராக நிறுத்திவிட்டு, இயக்கும் பொறுப்பைப் போலந்திலிருந்து வந்த ரோமன் போலான்ஸ்கியிடம் ஒப்புவித்தார். சைத்தானில் நம்பிக்கையில்லாத போலான்ஸ்கி, நடப்பதெல்லாம் ரோஸ்மேரியின் மனப்பிராந்தியாகவும் இருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு இடம் வைத்தே காட்சிகளை அமைத்ததாகப் பின்னாளில் தம் சுயசரிதத்தில் எழுதினார். பிறந்த குழந்தையின் முகத்தைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை.

அச்சத்துக்குக் காரணமானவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதில்தான் படத்தின் நகை முழுவதும் அடங்கியிருக்கிறது. ரூத் கார்டன் நடித்த மின்னி, எந்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் காணக்கூடிய அண்டைவீட்டுக் கிழவி. அழையாமல் வருவாள், சாமான்களின் விலையை விசாரிப்பாள், மயக்க மருந்து கலந்த சாக்லேட் இனிப்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பாள். இறுதிக் காட்சியில், தன் குழந்தை இன்னதென்று அறிந்த ரோஸ்மேரியின் கையிலிருந்து கத்தி நழுவி மரத்தரையில் செங்குத்தாகக் குத்தி நிற்கும்போது, உலகத்தையே அழிக்கப் பிறந்தவனை வரவேற்கக் கூடியிருக்கும் அந்தச் சபையில், மின்னி ஓடிவந்து கத்தியைப் பிடுங்கித் தரையில் விழுந்த வடுவை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். பிரளயம் வந்தாலும் தரை பாழாகக் கூடாது என்ற அந்தக் குடும்ப ஸ்திரீயின் கவலை, நெருப்பும் கொம்பும் காட்டிப் பயமுறுத்தும் நூறு படங்களுக்கு ஈடாகும்.

முதல் விமரிசனங்கள் ஒருமுகமானவையல்ல. ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏட்டில் ரெனாட்டா ஆட்லர், படம் இனிதாகவே இருப்பினும் அதன் இருண்ட நோக்கங்கள் வலுவாக நிறைவேறவில்லை என்று கருதினார். சிகாகோவில் ரோஜர் ஈபர்ட், கதாநாயகிக்கு நெடுமுன்னரே நாம் உண்மையை ஊகித்துவிட்டபோதிலும் பயம் குறைவதில்லை என்று பாராட்டியதோடு, படத்தில் ஒரு விநோதமான நகைச்சுவையுணர்வு விரவியிருப்பதையும் குறிப்பிட்டார். கத்தோலிக்கத் திரைப்பட அலுவலகமோ, கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிய விசுவாசங்களைப் படம் விபரீதமாக்குகிறது என்று கண்டித்துத் தன் தீர்ப்புகளிலேயே கடுமையான ‘சி’ வகுப்பில் அதனை ஒதுக்கியது. கலைத்திறன் உயர்ந்திருப்பதனாலேயே அவதூறும் வலுக்கிறது என்று அது கூறிய நியாயத்தில், வேண்டாமலே வழங்கிய ஒரு பாராட்டும் இருந்தது. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் கனவுக் காட்சியில் சில வினாடிகளை வெட்டினார்கள்.

1969 ஏப்ரலில் ஆஸ்கார் பரிசு ரூத் கார்டனுக்குக் கிடைத்தது. ரோஸ்மேரியாகப் படம் முழுவதையும் தாங்கிய மியா ஃபாரோவின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. அதே ஆண்டில் எழுத்தாளர் ரே பிராட்பரி, முடிவு தமக்குத் திருப்தி தரவில்லை என்று கூறித் தாமே வேறொரு முடிவைக் கட்டுரையாக வெளியிட்டார்: ரோஸ்மேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி ஒரு தேவாலயத்தை அடைந்து, வீழ்ந்த மைந்தனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி ஆண்டவனிடம் இறைஞ்ச வேண்டுமாம். கம்பீரமான கற்பனைதான், ஆனால், தொட்டிலை வேகமாக ஆட்டுகிறாயே என்று ஒருத்தியைக் கடிந்துகொள்ளும் தாயின் குரலோடு முடியும் கதைக்கு அந்தக் கம்பீரம் பொருந்தாது.

1969 ஆகஸ்டில் போலான்ஸ்கியின் நிறைகர்ப்பிணி மனைவி ஷாரன் டேட்டும் உடனிருந்தவர்களும் சார்லஸ் மான்சன் கூட்டத்தாரால் கொலையுண்டபின், படத்தையும் குற்றத்தையும் முடிச்சுப்போட்டுப் பத்திரிகைகள் எழுதிய எழுத்தினால், நிதானமாகப் படத்தை ஆராய்வதே சில காலம் அரிதாயிற்று. கலைப்படைப்பைச் சகுனமாக வாசிப்பது விமரிசனமாகாது.

படம் உண்மையில் மறுபிறப்பெடுத்தது பெண்ணிய ஆய்வாளர்களின் கையில்தான். லூஸி ஃபிஷர் 1992-இல் ‘சினிமா ஜர்னல்’ ஏட்டில் எழுதிய ஆய்வு, பிரசவம் குறித்துப் பெண்கள் மெய்யாகவே படும் அச்சங்களின் சித்திரமாக இப்படத்தைக் கண்டது. அக்கண்கொண்டு பார்க்கையில் பயத்தின் இருப்பிடமே மாறிவிடுகிறது. நடிப்புத் தொழிலில் முன்னேறும் ஆசைக்காக மனைவியின் உடலை விற்கும் கணவனும், புத்தகங்களைப் படிக்காதே, தோழிகள் பேச்சைக் கேட்காதே என்று அதட்டும் பிரசித்தி பெற்ற வைத்தியரும், வேரை இடித்துப் பானம் கலந்துதரும் அண்டைவீட்டாரும் ஏவும் கட்டளைகளில் மந்திரம் ஏதுமில்லை; எல்லாம் கர்ப்பிணியின் நன்மைக்கென்றே சொல்லப்படுகின்றன. ஹாஸ்யத்தின் வேலை இன்னதென்று விளங்குவதும் இங்கேதான்: உபசாரத்தை மறுக்க நாணுகின்ற மரியாதையே கண்ணியாகிறது. 1977-இல் சிறுமியொருத்தியிடம் இழைத்த குற்றத்துக்காகக் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன் நாட்டைவிட்டு ஓடிய போலான்ஸ்கியே, பெண்ணுடல்மீது நிகழும் பலாத்காரத்தை இத்தனை கூர்மையாகச் சித்திரித்திருப்பது இவ்வாசிப்பைக் கசப்பாக்குகிறது. அக்கசப்பைத் தவிர்க்க வழியில்லை.

2014-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துக்கு மாற்றித் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட புதுத்தொடரில் இரத்தம் பெருகியது. மின்னியைப் போன்ற வேடிக்கை மனிதர்களோ மறைந்தார்கள். 2017-இல் ‘கெட் அவுட்’ படத்தை எடுத்த ஜார்டன் பீல், தமக்கு வழிகாட்டிய படங்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டபோது, நகையையும் அச்சத்தையும் ஒன்றாகவே பெற்றுக்கொண்ட வாரிசு அதற்கு வாய்த்தது. நாவலாசிரியர் லெவினுக்கோ வேறு விசாரம். தம் கதையைப் பின்தொடர்ந்து பெருகிய பேய்ப்படங்களால் சைத்தானை மெய்யென்று நம்புவோர் தொகை கூடிவிட்டதே என்று முதுமையில் வருந்திய அவர், அதற்காக வந்த ராயல்டியைத் திருப்பியனுப்பவில்லை என்பதையும் கூடவே சொல்லிவைத்தார்.