புதுச்சேரிப் புயல் (1761)

1760 டிசம்பர் 31 இரவு தொடங்கி ஜனவரி 1 வரை புதுச்சேரிக் கடலில் அடித்த சூறாவளி. பிரெஞ்சு நகரை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கடற்படையின் ஆறு பாய்க்கப்பல்கள் இதில் அழிந்தன. ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர்.

சோழமண்டலக் கரையில் அன்று பெரிய கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகமும் இல்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு, சரக்கையும் ஆட்களையும் அலை கடக்கும் மசூலாப் படகுகளில் கரைசேர்ப்பார்கள். வாடைக்காலம் நெருங்கியதும் போர்க்கப்பல்கள் பம்பாய்க்கோ ஒல்லாந்தரின் திருகோணமலைக்கோ விலகிவிடும். ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸ்டீவன்சும் அக்டோபரில் சில கப்பல்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தார். ஆனால் டிசம்பர் முடியுமுன்பே திரும்பிவிட்டார். முற்றுகை அவசரம் காலக்கணக்கை மீறிவிட்டது.

காற்று திசைமாறிக் கரைநோக்கித் தள்ளுமுன் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே பாய்க்கப்பல் தப்பும் வழி. ஸ்டீவன்சின் 'நோர்ஃபோக்' அப்படித்தான் தப்பியது. மற்றவர்களும் வெட்டிக்கொள்ள அவர் பீரங்கி முழக்கினார். காற்றின் இரைச்சலில் அது கேட்கவில்லை. உத்தரவில்லாமல் நங்கூரத்தை விடக்கூடாது என்ற ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, வடம் தானாக அறும்வரை மற்றக் கப்பல்கள் நின்றன. 'சண்டர்லண்ட்', பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த 'டுக் தக்கித்தேன்', சரக்குக்கப்பல் 'டியூக்' மூன்றும் மூழ்கின. அவற்றிலிருந்து பிழைத்தோர் 14 பேர்: ஏழு ஐரோப்பியர், ஏழு லஸ்கர்கள் (ஆசிய மாலுமிகள்). 'நியூகாசில்', 'குயீன்பரோ', 'புரொடெக்டர்' ஆகியவை கரைதட்டி உடைந்தன. அவற்றில் இருந்தோர் பெரும்பாலும் தப்பினர்.

நகருக்குள் பட்டினியோடிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயக் கப்பற்படை ஒழிந்தது, படகுகளில் அரிசி அனுப்புங்கள் என்று பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு எழுதினார். ஆனால் ஜனவரி நான்காம் தேதியே ஸ்டீவன்ஸ் திரும்பி வந்துவிட்டார். ஜனவரி 16 அன்று புதுச்சேரி வீழ்ந்தது. புயல் பிரெஞ்சுக்காரருக்குத் தந்தது சில நாள் மூச்சு மட்டுமே.

புயலுக்கு ஒதுங்கும் துறைமுகம் வேண்டும் என்ற ஆங்கிலேயரின் கவலை இதோடு தீரவில்லை. 1762-இல் சென்னையிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ஜோன் பைபஸ் திருகோணமலை வழியாகக் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனிடம் தூது சென்றார். ஆனால் கண்டி ஒல்லாந்தரோடு செய்த 1766 உடன்படிக்கையால் இன்றைய அம்பாறைக் கரை உட்பட இலங்கைக் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆங்கிலேயர் 1782 ஜனவரியில் திருகோணமலையைப் பிடித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் இழந்தனர். 1795-இல்தான் அது அவர்களிடம் நிலைத்தது.

அம்பாறையின் கல்முனைக் கரையும் சோழமண்டலத்தைப் போலவே திறந்த கரை. 1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்போடு கல்முனைப் பக்க ஊர்களும் தாங்கின. 2013-இல் இதே கரையில் ஒலுவிலில் துறைமுகம் திறந்தார்கள். அதன் வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது.